ஹாட்டுக்கு கோல்டு

"ஹாட்டுக்கு?"

"கோல்டு."

"கிளீனுக்கு?"

"டர்ட்டி."

"அடேங்கப்பா! எம் பொண்டாட்டி கலெக்டராயிருவா போலிருக்கே!" குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டே வீரபாகு ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினான்.

முத்துசெல்விக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடித்து அலுத்து வருகிற மனுஷன், ஒரு மாசமாக அவளை எதிரே உட்காரவைத்து இங்கிலீஷ் எதிர்ச்சொல் படிக்கவைத்துக்கொண்டிருந்தான். எந்தப் புருஷன் செய்வான் இதை?

எல்லாம் மகள் தன்ஷிகாவுக்காகத்தான். தென்காசியில் பீஸ் ஜாஸ்தியான அந்தப் பெரிய ஸ்கூலில் எல்.கே.ஜி. சேர்க்க, அப்பா அம்மாவையும் இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களாம். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டவள் அவள். தன்னால் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அடுப்படியிலும் எதிர்ச்சொல்லை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, பக்கத்து வீட்டு ஜுஹைனா இதே ஸ்கூலுக்குன்னு பிக், ஸ்மால், டே, நைட்னுல்லா படிச்சிட்டுப் போனா? நீங்க கிளீனு, டர்ட்டி, சிக்கு, ஹெல்த்தின்னே கேக்கீக!"

"விசாரிச்சுட்டுத்தான் சொல்லுதேன். இதத்தான் கேப்பாங்க."

"புள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"இன்னைக்குப் பெத்தவங்க மட்டுந்தான். அவ எங்கம்மாட்ட இருந்து பழகட்டும்."

வண்டி ஸ்கூல் பக்கம் திரும்பவில்லை. நேரே குற்றாலத்துக்குப் போய் ஒரு லாட்ஜ் வாசலில் நின்றது. ஸ்கூலில் பெயிண்ட் அடிக்கிறார்களாம், அதனால் இண்டர்வியூ இங்கே என்றான். அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு ஏது?

சாரலில் நனைந்த சேலையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மேடம் உட்கார்ந்திருந்தாள்.

"வெட்?"

"டிரை, மேடம்."

"சிக்?"

"ஹெல்த்தி."

"ஹெவி?"

"லைட்."

டக்டக்கென்று வந்து விழுந்தது பதில். "வெரி குட்" என்று மேடம் சிரித்தாள். முத்துசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்ஷிகா டையும் ஷூவுமாக வேனில் ஏறுவது போலவே இருந்தது. பின்னால் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மேடமும் அவனைத்தான் பார்த்தாள்.

"இங்கிலீஷ் போதும். குவைத் வீட்டுல படுத்த படுக்கையா ஒரு வயசானம்மா. கூடவே இருந்து பாக்கணும், ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. சின்னப் புள்ளையை விட்டுட்டு இருந்துக்குவாங்களா?"

"எங்கம்மா பாத்துக்கிடுவா மேடம்."

ஒரு மாசமாக ஆசை ஆசையாகப் படித்தாளே பாவி மகள், அத்தனையும் தன் பிள்ளையைப் பிரியத்தானா? நம்பி வந்தவளை இப்படியா கழுத்தறுப்பான் ஒருத்தன்?

"அப்போ... ஸ்கூலு?" என்றாள்.

வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இங்கிலீஷ் ஸ்கூல்தான் வேணும்னு நீதானட்டி ஒத்தக்கால்ல நின்ன?"