வியர்த்துக் கொட்டிய ரோபோ

“குண்டூசி, நான் செத்தேன்டி! அதோ, கேட் கிட்ட எங்கப்பா!”

பொறியியல் கல்லூரி மாணவர்களின் தொழில்நுட்ப விழா. விழாத் திடலின் நுழைவாயிலில், தலைமுதல் பாதம்வரை வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள் நின்று அலறினாள் வாலு. வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுக்கும் ரோபோ வேடம் அவளுக்கு.

“லேப் டெஸ்டுன்னுதானே வீட்ல சொல்லிட்டு வந்தே?” என்றாள் தோழி குண்டூசி.

“ஆமாடி. விழா, கூத்துன்னு காதுல விழுந்தா அன்னிக்கே படிப்பை நிறுத்திடுவேன்னு சொல்லியிருக்காரு. அவர் இதே காலேஜ்ல படிச்சப்போ புத்தகத்தை விட்டுத் தலையே நிமிர்ந்ததில்லையாம். தினம் சோத்துத் தட்டு முன்னாடி இதே பாட்டு!”

“அப்போ கழட்டிட்டு ஓடு.”

“எப்படிடி கழட்டறது? நாலு சுத்து டேப் ஒட்டினது யாரு? நீதானே, படுபாவி!”

அப்பா கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். பேனர்களைப் பார்க்கவில்லை. பாட்டைக் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் துழாவிக்கொண்டே வந்தார்.

வாலுவின் நெஞ்சு அடித்த அடியில் பெட்டி குலுங்கியது. தூரத்து மேடையில் டிரம் வாசித்தவனுக்கே தாளம் தப்பியது. உள்ளே வியர்வை முழங்கால்வரை ஏறிவிட்டது.

“என்னைத்தான்டி தேடறாரு. யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க!”

“வாயை மூடு, ரோபோ பேசாது. ஐயோ, என் மூஞ்சி அவருக்குத் தெரியுமே!” குண்டூசி ஒரே பாய்ச்சலில் கூட்டத்துக்குள் மறைந்தாள்.

அப்பா நேராக ரோபோவை நோக்கித்தான் வந்தார். பத்தடி. ஐந்தடி. நின்றுவிட்டார். கண்ணுக்காக வெட்டிய ஓட்டை முழுக்க அவருடைய மீசை.

போச்சு. நாளையிலிருந்து காலேஜ் கிடையாது. ‘அப்பா, மன்னிச்சிடுங்கப்பா’ என்பது தொண்டைவரை வந்துவிட்டது.

அப்பா இடமும் வலமும் பார்த்தார். ரோபோவின் காதருகே குனிந்தார்.

“தம்பி, இருபத்தஞ்சு வருஷத்து அரியரை எழுதக் கடைசி வாய்ப்பு தர்றாங்களாமே, அந்த ஃபாரத்தை எங்கே குடுக்கணும்? ஆறு பேப்பர் பாக்கி… மெதுவாச் சொல்லு, என் பொண்ணு இங்கதான் எங்கயோ டெஸ்ட் எழுதிட்டிருக்கா!”