ஐந்தாவது கொடி

கால்கள் தொடை வரை பனியில் புதைந்தன. மினோரி மண்வாரியால் வழி வெட்டிக்கொண்டே மேட்டு வீட்டை நோக்கி ஏறினாள். மணி ஒன்பதாகிவிட்டது. கிழவர் தொக்குசோவின் வாசலில் இன்னும் மஞ்சள் கொடி ஏறவில்லை.

காலை எட்டுக்குள் கொடி ஏறினால் வீட்டுக்காரர் நலம் என்று அர்த்தம். புத்தாண்டு விடுமுறைக்கு ஒசாக்காவிலிருந்து தொண்டு செய்ய வந்த மினோரிக்கு, கீழ்ச்சாலையில் நின்று ஐந்து வீட்டுக் கொடிகளையும் எண்ணுவதுதான் வேலை. ஐந்து வீட்டுக்குக் குறைந்தால் இந்த மலையூருக்குத் தொண்டர்களே கிடையாது என்பது நகர அலுவலகத்தின் சட்டம்.

“ஏய் பொண்ணு, நில்லு!” பக்கத்து வீட்டு ஃபுமியம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எண்பது வயது. “அது சோம்பேறிக் கிழம். சாகறதுக்குக்கூட மத்தியானம்தான் எந்திரிக்கும்!”

“நேத்து அவருக்குன்னு உங்ககிட்ட குடுத்தனுப்பின மோச்சி, அந்தப் பிசுபிசு அரிசி உருண்டை, தொண்டையில அடைச்சிருந்தா? வருஷா வருஷம் எத்தனை வயசானவங்க அப்படிப் போறாங்க!”

“அடைச்சா நான் போய் முதுகுல நாலு குத்து விடறேன். நீ கீழ போ. அதுக்கு மனுஷ மூஞ்சியே ஆகாது.”

“காய்ச்சல்ல உங்களால நிக்கவே முடியல. நீங்க எங்க போறது?”

ஆம்புலன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். சாலையில் பனி அள்ளி முடிக்க மூன்று மணி நேரமாகுமாம். அதுவரை கிழவருக்கு மூச்சு இருக்குமா?

“ஐயா! தொக்குசோ ஐயா!” கதவைத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போனது. மண்வாரியை இடுக்கில் கொடுத்து, அழுகையோடு நெம்பினாள். கதவு கழன்று விழுந்தது.

அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. படுக்கை இல்லை, போர்வை இல்லை, ஒரு கோப்பைகூட இல்லை. சுவரில் நாட்காட்டி அக்டோபரோடு நின்றிருந்தது.

திரும்பினாள். அவள் வெட்டிய வழியிலேயே தவழ்ந்து வந்திருந்த ஃபுமியம்மா, இரண்டு கையாலும் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆபீஸ்ல சொல்லிடாத தாயி! உங்களையெல்லாம் நிறுத்திட்டா, நாளைக்கு நான் விழுந்து கிடந்தா யாரு வந்து பாப்பாங்க?”

“அவர் எங்கம்மா?”

“அக்டோபர்லயே மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். இத்தனை நாளா அந்தக் கொடியை ஏத்தினது நான்தான்.”