பாடம் செய்த மயில்

செத்த பறவைகளைப் பாடம் செய்து விற்பது அவள் புருஷனுக்குத் தொழில். அவற்றின் தூசி துடைப்பது அவள் வேலை. பறவைகளுக்குக் கண்ணாடிக் கண் பொருத்தும்போது மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பவன், அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்று அந்த மயிலைத் தோகை மடக்கித்தான் செய்திருந்தான். ஒரு காலையில் அவள் துணியோடு போய் நின்றபோது, தோகை விரிந்து நாலு பக்கமும் கண்ணாடியில் நசுங்கிக்கொண்டிருந்தது.

“ஏய், யாரு இதைத் தொட்டது?”

“பெட்டிச் சாவி உங்க இடுப்புலதானேங்க இருக்கு?”

“பொட்டை மயிலைப் பார்த்தாத்தான் விரிக்கும். உன்னைப் பார்த்தா விரிக்குது? செத்ததுக்குக் கண்ணும் அவிஞ்சுபோச்சு போல.”

அவன் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். மத்தியானம் பார்த்தால், அவள் உட்கார்ந்து தைக்கும் மூலையை நோக்கி மயில் உள்ளேயே திரும்பி நின்றது.

சாயங்காலம் வாங்குகிறவர் வருவதாக இருந்தது. அவன் பெட்டியைத் திறந்து, இடுக்கியால் நீள இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

“பிடி. இறகைத் தனியா வித்துக்கலாம்” என்று அவள் கையில் திணித்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மயிலுக்கு மிஞ்சியது, தோகையைப் பின்னாலிருந்து தாங்கும் பழுப்புக் குட்டை வால் மட்டும்தான். அது மெல்ல நிமிர்ந்து, அவளைப் பார்த்தபடி நடுங்கத் தொடங்கியது.

அவள் இறகுகளைக் கீழே வைத்தாள். கலைந்த முடியைக் கோதி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அதன் எதிரே போய் நின்றாள்.