இறங்குதுறைக் கமரா

தலைமன்னாரில் ஐஸ் ஆலை நடத்தும் சிவதர்சினி, கமராக்களை இணைத்திருந்த நெட்வேர்க் சுவிட்ச் பழுதாகிவிட்டதால் புதிது வாங்க றிஸ்லானின் கடைக்கு வந்தாள்.

“நாலு கமராதானே அக்கா, இந்தச் சின்ன சுவிட்ச் காணும். கமராவுக்குக் கரண்டும் இதாலேயே போகும்,” என்றான் றிஸ்லான்.

“ஊரில கரண்ட் நிண்டா?”

“பற்றரி பூட்டலாம். ஆனா நாலும் கனநேரம் ஓடாது.”

“அப்ப மற்ற மூண்டும் நிக்கட்டும் தம்பி. இறங்குதுறைக் கமரா மட்டும் நிக்கக்கூடாது.”

“ஐஸ் அறையெல்லோ முக்கியம்? துறையில கள்ளர் என்னத்தை எடுக்கப்போறாங்கள்?”

“கனடாவில இருந்து மாமி அதைத்தான் பாக்கிறவ.”

“அவவோ முதலாளி?” என்று சிரித்தான்.

“இல்லை. கடலில காணாமப்போன மகன்ர படகு வருதோ எண்டு பாக்கிறா.”

றிஸ்லானின் சிரிப்பு நின்றது. “உங்கட மனுசனோ அக்கா? ஒரு தகவலும் இல்லையோ?”

“ஓம், அவர்தான். மாசியிலேயே உடம்பு கரையொதுங்கினது. நாங்கள் எரிச்சிட்டம். மாமிக்கு நெஞ்சு வருத்தம், கேட்டாத் தாங்கமாட்டா. இன்னும் சொல்லேல்லை.”

அவளுடைய போன் அடித்தது.

“ஓம் மாமி,” என்றாள் சிவதர்சினி. “பின்னேரம் கமரா சரிவந்திடும். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ.”