விடாத கை

மீன் காட்சியகத்தில் பயிற்சிக்கு வந்த இரண்டு பேரை அந்த ஆக்டோபஸ் ஏற்கெனவே விரட்டிவிட்டிருந்தது. ஆளைப் பிடிக்காவிட்டால் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சிவிடும். "உன்னையும் விரட்டுச்சுன்னா ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிக்கிற வேலைதாம்மா," என்றார் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அமலன். மூன்றாவதாக வந்திருந்த ரெஜினா சட்டைக் கையை மடித்துவிட்டாள். ஏழு வயதில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டபடி ஆக்டோபஸ் வருமென்று காத்திருந்தவள் அவள். சோப்பு வாசனை போகும்வரை கையைக் கழுவினாள். போய்விட்டதா என்று நம்பிக்கையில்லாமல் மோந்து பார்த்தாள். பிறகு ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு கையை ஆக்டோபஸின் தொட்டிக்குள் இறக்கினாள்.

பாறை இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. நண்டை ஒதுக்கிவிட்டு அவள் சுண்டுவிரலைப் பற்றியது. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தபடி ஏறி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சவில்லை. ரெஜினா சத்தமாகச் சிரித்துவிட்டாள். நண்டு நழுவி மூலைக்குப் போனதை இருவருமே கவனிக்கவில்லை.

"சாப்பாட்டு நேரமாச்சு, கையை எடும்மா."

"விட மாட்டேங்குது சார்."

அமலன் குனிந்து பார்த்தார். அவள் விரல்களும் அதன் கையை மூடியிருந்தன.

"யாரு, அதுவா, நீயா?"