ஐஸ் குச்சி எழுத்து

"கான்ட்ராக்ட்ட இனிமே வச்சுக்கிட்டு என்ன செய்ய? அதுகிட்ட வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாச்சு. இன்னிக்கே தூக்கிருவோம்."

எரு மூட்டையோடு வந்த செங்குட்டுவன் குவார்ட்டர்ஸ் தோட்டத்து வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். பேசியது ஃபோர்மேன் வெள்ளைச்சாமி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். சுரங்கத்தில் பதினோரு வருஷமாக, கான்ட்ராக்ட் தொழிலாளியான அவனுக்கு மேலே இருக்கிறவர். வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் அவரைக் கூப்பிடுவான்.

"பாவமா இருக்குங்க. நமக்காக எவ்வளவு ஒழைச்சிருக்கு!" என்றது அவர் மனைவி தமயந்தியின் குரல்.

"பாவம் பாத்தா முடியுமா? பர்மனென்ட்டு இருக்குல்ல, அது போதும்."

சந்தேகமே இல்லை, செங்குட்டுவனைத்தான் சொல்கிறார். தூக்குவது கூடப் பரவாயில்லை. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவனை 'அவன்' என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை பாருங்கள், 'அது'வாம்!

செக்‌ஷனிலிருந்து ஒரே ஒரு கான்ட்ராக்ட் ஆளின் பேர் இந்த வாரம் பர்மனென்ட்டுக்குப் போகிறது. எழுதிக் கொடுக்க வேண்டியவர் இந்த வெள்ளைச்சாமிதான். செங்குட்டுவனுக்கு நாற்பத்து நான்கு முடியப்போகிறது. இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் கடைசிவரை கான்ட்ராக்ட்தான்.

அந்தத் தோட்டத்துக்கு அவன் கொஞ்சமா செய்திருக்கிறான்? தக்காளி வளர்க்கும் ஆசை வெள்ளைச்சாமிக்குத்தான் வந்தது. அவருக்கும் ஒன்றும் தெரியாது, முத்தாண்டிக்குப்பத்து முந்திரிக் காட்டில் வளர்ந்த இவனுக்கும் தெரியாது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, முதலில் வைத்த நாற்றையெல்லாம் இருவரும் சேர்ந்து அழுக வைத்தார்கள்.

அப்புறம் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், ஒரு செடி விடாமல் மொட்டையடித்தார்கள். நெட்டைச் செடிக்குத்தான் கிள்ள வேண்டும், குட்டைச் செடியில் கையே வைக்கக்கூடாது என்பது காய் பாதியாகக் குறைந்த பிறகுதான் தெரிந்தது.

இனிமேல் குழப்பம் வேண்டாம் என்று தமயந்தி செடிக்கு ஒரு ஐஸ் குச்சி நட்டார். குட்டைச் செடிக்கு ஆங்கிலத்தில் 'சி', நெட்டைச் செடிக்கு 'பி'. சின்னது, பெரிசு என்று செங்குட்டுவனே அர்த்தம் பண்ணிக்கொண்டான். "அப்படித்தானே அண்ணி?" என்று கேட்டதற்கு அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்த களைப்போடு வந்து குச்சி ஊன்றி, தண்டைத் துணியால் கட்டி, வேப்பெண்ணெய் அடித்து, எத்தனை மாதம்! எல்லாம் இந்த 'அது' என்கிற பட்டத்துக்காகவா? மூட்டையை வேலியோரம் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினான். 'ஃபோர்மேன் வெள்ளைச்சாமி ஷிஃப்ட் நேரத்தில் கான்ட்ராக்ட் ஆளைத் தன் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் வேலை வாங்குகிறார். அவர் எழுதிக் கொடுக்கும் பேரை நம்ப வேண்டாம். அது அவருக்கு வேண்டப்பட்ட ஆளின் பேராகத்தான் இருக்கும்.'

ஷிஃப்ட் நேரத்தில் ஒரு நாள்கூடப் போனதில்லை என்பது அவனுக்கே தெரியும். ஆனாலும் ஆத்திரத்தில் கை எழுதிக்கொண்டே போனது. ஆபீஸ் வாசலில் பூட்டுப் போட்டு மாட்டியிருந்த புகார்ப் பெட்டியில் கடுதாசியைத் தள்ளிவிட்டான். திங்கட்கிழமை பெரிய அதிகாரிக்கு முன்னால்தான் அதைத் திறப்பார்கள்.

அங்கேயே போன் அடித்தது. வெள்ளைச்சாமி.

"எருவ வேலியில போட்டுட்டு எங்கப்பா போன? ஒடனே வீட்டுக்கு வா."

முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று போனான். தோட்டத்துக்குள் கால் வைத்ததுமே வெடித்தான்.

"ஏண்ணே, கான்ட்ராக்ட்னா அவ்ளோ எளக்காரமா பூட்டுதா ஒங்களுக்கு? நீங்க பேசினதயெல்லாம் வேலியாண்ட கேட்டுக்கினுதான் நின்னேன்!"

வெள்ளைச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கையில் வேரோடு பிடுங்கிய ஒரு குட்டைத் தக்காளிச் செடி காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"காதுல விழுந்துருச்சா? மனசுல வச்சுக்காதப்பா, இவ வச்ச பேரு அது. குட்டச் செடி ஒரே மூச்சுல காய்ச்சுக் கொட்டிட்டு முடிஞ்சிரும்ல, அதான் கான்ட்ராக்ட்டு. நெட்டச் செடி மாசக்கணக்கா காய்க்கும், அது பர்மனென்ட்டு."

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி," என்று தமயந்தி குறுக்கே வந்தார். "ஒங்க காதுல விழுந்தா சங்கடப்படுவீங்கன்னுதான் குச்சியில மொத எழுத்த மட்டும் எழுதி வச்சேன்."

செங்குட்டுவன் பாத்தியைப் பார்த்தான். குட்டைச் செடிகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. ஓரமாகக் குவித்திருந்த குச்சிகள் எல்லாவற்றிலும் 'சி'. புகார்ப் பெட்டியின் பூட்டு நினைவுக்கு வர, தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"சே, இதுக்குப் போயி இப்படிக் கலங்குறியே," என்ற வெள்ளைச்சாமி, மண்ணிலிருந்து 'பி' என்று எழுதிய குச்சி ஒன்றைப் பிடுங்கினார். தன் வேட்டியில் துடைத்து, அவன் சட்டைப் பையில் செருகினார்.

"காலையிலயே ஒன் பேரத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."