மறுநாள் உப்பு

மனைவி வைத்த கோழிக்கறியை பஸ் மெக்கானிக் ஒரு நாளும் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை.

"உப்பே இல்லையே?" என்பார்.

"நாளைக்குச் சுட வச்சா சரியாயிடும்ங்க."

அவருக்குப் பழசு ஆகாது. மீதியை மறுநாள் மதியம் அவள்தான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அவள் செத்த பிறகு அவரே சமைத்தார். கை என்னவோ அவள் அளவுக்குத்தான் உப்புப் போட்டது. மேலே தூவிக்கொண்டு சாப்பிடுவார். மீதியை டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பார். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கும்.

மகள் போனில் கேட்டாள். "மீந்ததை என்னப்பா பண்றீங்க? கொட்டிடாதீங்க."

"மீதியே இருக்கறதில்லம்மா."

"இப்பவாவது பழசு சாப்பிடறீங்களே."

போனை வைத்துவிட்டு, கவிழ்ந்திருந்த டப்பாவை எடுத்துத் துடைத்தார்.

ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தார். அடுப்பில் சட்டி இன்னும் சூடாக இருந்தது. அதில் பாதிக் கறி இருந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டார். மசாலா கறிக்குள் நன்றாக இறங்கியிருந்தது. உப்பு அவ்வளவு சரியாக இருந்தது.

"நீ சொன்னது சரிதான்," என்றார், அவள் உட்காரும் நாற்காலியைப் பார்த்து. சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

அன்றிரவும் சமைத்து மீதியை எடுத்து வைத்தார். மறுநாள் சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்தபோது டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது, மூடிகூடத் திறக்காமல்.

அவரே சுட வைத்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.